லெந்து முடியட்டும், வாரேன்

வணக்கம் சார்,

எங்கள் ஆச்சி சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். மூட்டுவலி வேறு. பங்குனி வெயிலுக்கு முன்னால் சென்னைக்கு வந்துவிடுங்கள், ஈஸ்டரை எங்களோடு கொண்டாடலாம் என்று வருடாவருடம் கூப்பிடுகிறோம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமான லெந்தைச் சொல்லி, "லெந்து முடியட்டும் மக்கா, வாரேன்" என்பார். முடிந்தபின் வேறு சாக்கு. இங்கேயும் நல்ல சர்ச் இருக்கிறது, வாசலிலிருந்தே காரில் போகலாம். இது பக்தியா, பிடிவாதமா? நீங்களும் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

– ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

பிடிவாதம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் சென்னையில் ஆச்சிக்கு உட்கார இடம் கிடைக்கும், வேலை கிடைக்காது. ஊரில் இந்த நாற்பது நாளும் அவருக்கு ஓய்வே இல்லை, அது உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

மாசி, பங்குனி என்றால் நம் பக்கம் புளி உலுக்கும் காலம். முற்றத்தில் காயப்போட்டு, ஓடு உடைத்து, கொட்டை எடுக்கக் கிழவிகள் எல்லாம் ஒரு திண்ணையில் கூடிவிடுவார்கள். யார் வீட்டில் சம்பந்தம் பேசுகிறார்கள், ஐயர் (நம் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) போன வாரம் பிரசங்கத்தை ஏன் அவ்வளவு இழுத்தார், எல்லாம் அங்கேதான் அலசப்படும். பதநீரும் அப்போதுதான் இறங்கத் தொடங்கும். வருகிற பங்கில் பக்கத்து வீட்டுக்கு ஒரு செம்பு போயே ஆகவேண்டும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பங்குனி உத்திரத்துக்குத் தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போய்வந்து பொங்கல் கொடுத்து அனுப்புவார்கள். இரண்டும் பௌர்ணமிக் கணக்கு என்பதால் பல வருடம் உத்திரமும் ஈஸ்டரும் ஒட்டியே வரும். 2024-இல் உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31.

அப்புறம் பிடியரிசி. உலையில் போட அரிசி அளக்கும்போதே ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு, சேர்ந்ததைச் சர்ச்சுக்குக் கொடுப்பது. சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப்பான அசரியாவும் கூட்டாளிகளும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுக் காசு வேண்டாம், நம் ஆட்கள், நம் பணம் என்று துணிந்து சொல்ல முடிந்தது இப்படிக் கொடுத்துப் பழகிய கிராமத்துச் சபைகளை நம்பித்தான்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்கு ஓலையில் சிலுவை மடிக்கச் சொல்லித்தர ஆள் வேண்டும். பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானமும் முடியப் பிற்பகல் மூன்று மணி ஆகும், பசியோடு வெளியே வருகிறவர்களுக்குக் கஞ்சியும் துவையலும் தயாராக இருக்கவேண்டும். துவையலில் உப்பு சரியா என்று பார்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஈஸ்டர் ஆராதனைக்கு விடியுமுன்னே தெருவை எழுப்பிவிடுவதும் உங்கள் ஆச்சியாகத்தான் இருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் காரில் ஏறி, யாரென்றே தெரியாத ஆட்களுக்கு நடுவே அவர் எதற்கு உட்காரவேண்டும்?

நீங்கள் போங்கள். வெள்ளி எப்படியும் விடுமுறை, சனி ஞாயிறும் சேர்ந்துவிடும். செந்தூர் எக்ஸ்பிரஸில் 60 நாள் முன்னால் முன்பதிவு திறந்ததும் எடுத்துவிடுங்கள், சாத்தான்குளத்துக்குப் பக்கத்து நாசரேத்தில் இறங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், கஞ்சி அண்டாவைத் தூக்க ஊரில் இளவட்டங்கள் குறைந்துபோய்விட்டார்கள், நீங்களும் ஒரு பக்கம் பிடிக்கலாம். போன இடத்தில் மறுபடி சென்னைப் பேச்சை எடுக்காதீர்கள். மூட்டு டாக்டரை மே மாதம் பார்த்துக்கொள்ளலாம்.