தோள் கொடுக்க வருகிறவன்

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறோம். என் 15 வயது மகன் பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவன். இதுவரை ஆட்டத்தை அவன்தான் தொடங்குவான். இந்த வருடம் கோச் அவனை, பாதியில் இறங்கும் ரிலீவர் ஆக்கிவிட்டார். ‘என்னை ஒதுக்கிட்டாங்க’ என்று சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். என்ன சொல்லித் தேற்றுவது?
- ஒரு தாய், டெக்சாஸ்

பதில்: அம்மா, உங்கள் ஊர் அணியில் ஆடிய ஆக்டேவியோ டோடெலைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். டொமினிகன் குடியரசின் சாண்டோ டொமிங்கோவில் பிறந்தவர். 2000-ஆம் ஆண்டு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காக 16 ஆட்டங்களைத் தொடங்கினார். அந்த சீசனிலேயே அவரைப் புல்பென்னுக்கு, அதாவது ரிலீவர்கள் காத்திருந்து உடம்பைச் சூடேற்றும் இடத்துக்கு மாற்றினார்கள். உங்கள் மகனுக்கு நடந்ததேதான். 2002-இல் 83 ஆட்டங்களில் இறங்கினார். அவர் கணக்கில் சேர்ந்த ரன்கள், ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.85 மட்டுமே.

2003 ஜூன் 11 அன்று நடந்ததை அவசியம் சொல்லுங்கள். நியூயார்க்கில் யாங்கீஸுடன் ஆட்டம். ஆஸ்ட்ரோஸின் முதல் பிட்சர் ராய் ஆஸ்வால்ட் இரண்டாவது இன்னிங்ஸிலேயே காயத்தோடு வெளியேறிவிட்டார். அப்புறம் ஐந்து ரிலீவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, கடைசிவரை எதிரணிக்கு ஒரு ஹிட் (அடித்துவிட்டு ஓடி பேஸை எட்டுவது) கூடக் கொடுக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் டோடெல் நான்கு பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வீசி பேட்டரை வெளியேற்றுவது) செய்தார். மூன்று அவுட்டோடு முடியும் இன்னிங்ஸில் நான்கு எப்படி என்று மகனிடமே கேளுங்கள். மூன்றாவது ஸ்ட்ரைக்கை, பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் பிடிக்காமல் விட்டால் பேட்டர் ஓடித் தப்பிக்கலாம் என்பதை உற்சாகமாக விளக்குவான். அவன் வாயைத் திறக்க வைக்க இது நல்ல வழி.

டோடெல் 13 அணிகளுக்கு ஆடினார். 2012-இல் டெட்ராய்ட் டைகர்ஸுக்காக இறங்கியபோது அது சாதனை; அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் அதுவரை யாரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. சில அணிகள் அவரை விட்டுவிட்டன என்பதும் உண்மைதான், மறைக்க வேண்டாம். 2010-இல் மட்டும் பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சல்ஸ், கொலராடோ என்று மூன்று சட்டைகள். ஆனால் சீசன் பாதியில், கோப்பைக்குப் போராடும் அணிகள் தேடியதும் இப்படிப்பட்டவரைத்தான். 2011 ஜூலையில் டொராண்டோவிலிருந்து செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரை வாங்கியது. அக்டோபரில் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் கோப்பையை அந்த அணியோடு வென்றார். அதே பரிமாற்றத்தில் கூட வந்த எட்வின் ஜாக்சன்தான், 2019-இல் 14-ஆவது அணிக்கு ஆடி அவர் சாதனையை முறியடித்தவர்! 2025 ஏப்ரலில் சாண்டோ டொமிங்கோவில் இரவு விடுதிக் கூரை இடிந்த விபத்தில் டோடெல் இறந்தார். மனது கனத்துப்போன செய்தி அது.

கிரிக்கெட் தெரியும் என்கிறீர்களே, கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பார்கள்? அந்த நம்பிக்கைதான் இதுவும். எதற்காக மாற்றினார் என்று கோச்சிடம் மகனே நேரில் கேட்கட்டும், நீங்கள் போக வேண்டாம்.

எனக்கு உண்மையில் கவலை அவன் கையைப் பற்றித்தான். டோடெலுக்கே 2005-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. 15, 16 வயதுக்காரர்கள் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் வீசக்கூடாது, 76-ஐ எட்டினால் நான்கு நாள் ஓய்வு என்பது அங்கே மேஜர் லீக் தரும் வழிகாட்டுதல். ரிலீவர் புல்பென்னில் இரண்டு மூன்று முறை உடம்பைச் சூடேற்றி வீசும் பந்துகள் இந்தக் கணக்கில் வராது, ஆனால் கைக்கு அதுவும் உழைப்புதான். அவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.