ஆலந்தூரில் இறங்கி மாறணுமா?

வாசகர் கேள்வி–பதில்

நம்ம பக்கத்தில் மெட்ரோ கிடையாது. ஆனாலும் இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி மெட்ரோ பற்றித்தான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், நாமும் போய்வருகிறோம், அப்புறம் கேள்வி வராமல் எப்படி இருக்கும்? ரயில் இயக்கப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். மயிலாடுதுறை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதுவது எனக்கும் சந்தோஷம்தான்.

கேள்வி: எழும்பூரில் இறங்கி விமான நிலையம் போக மெட்ரோ ஏறினால் ஒரு சமயம் நேராகப் போகிறது, ஒரு சமயம் ஆலந்தூரில் மாற வேண்டும் என்கிறார்கள். தண்டவாளம் சேர்ந்துதானே இருக்கிறது, எல்லா ரயிலையும் நேராகவே விட்டால் என்ன? (கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியை)

நல்ல கேள்வி டீச்சர். எழும்பூர் பச்சை லைனில் இருக்கிறது. சென்ட்ரலில் கிளம்பி கோயம்பேடு, வடபழனி வழியாக ஆலந்தூர் வந்து, பரங்கிமலையில் முடிவதுதான் பச்சை லைன். விமான நிலையம் இருப்பதோ நீல லைனில். அது விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி வழியாக வருகிறது. இரண்டும் சென்ட்ரலில் ஒரு தடவையும் ஆலந்தூரில் ஒரு தடவையும் சந்திக்கின்றன. ஆலந்தூரில் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குப் போக இணைப்புத் தண்டவாளம் இருப்பதால், பச்சை லைன் ரயிலை அங்கே நீலத்துக்குத் திருப்பி நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம் வழியாக விமான நிலையம் வரை விட முடிகிறது. நீங்கள் நேராகப் போனது அப்படி ஒரு ரயிலில்.

எல்லாவற்றையும் அப்படி விட்டால் பரங்கிமலைக்காரர்கள் என்ன செய்வார்கள்? 5 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 12. ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பினால் பரங்கிமலைக்கு 6தான் மிஞ்சும், அதாவது 10 நிமிடக் காத்திருப்பு. திருப்பிய 6 ரயிலும் நீல லைன் ரயில்களுக்கு நடுவே இடம் பிடித்து நுழைய வேண்டும். கடைசி ஸ்டேஷனில் ஒவ்வொரு ரயிலும் உள்ளே வந்து, ஆட்களை இறக்கி, ஓட்டுநர் மறுமுனைக்குப் போய் வெளியே வரும் வரை அடுத்தது வாசலில் நிற்கும். இதில் ஏதாவது ஒரு லைனில் கோளாறு வந்தால் மற்ற லைனும் சேர்ந்து தடுமாறும். அதனால் சிக்கல் வந்தால் முதலில் இந்த நேரடி ரயிலைத்தான் நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டால் இரண்டு லைனும் தனித்தனியாக ஓடும், ஒன்றின் தாமதம் மற்றதைப் பிடிக்காது.

உங்களுக்கு ஒரு யோசனை: எழும்பூர் வரை போகவே வேண்டாம். உழவன் எக்ஸ்பிரஸில் வந்தால் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போய்விடுங்கள். ஸ்டேஷனுக்கு எதிரேயே விமான நிலையம், ரோட்டைக் கடக்க சுரங்கப்பாதை இருக்கிறது.

கேள்வி: இரண்டு மெட்ரோ லைன்களுக்கு இடையே கிளையை மாற்றிக் கொடுப்பது என்று படித்தேன். தண்டவாளத்தைப் பெயர்த்தா மாற்றுவார்கள்? (கொரடாச்சேரி, விவசாயி)

தண்டவாளம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும் ஐயா. அதில் ஓடும் ரயில் எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்பதுதான் மாறும். நேற்று வரை ஒரு லைனின் வாலாக இருந்த கிளை, நாளை முதல் இன்னொரு லைனின் வால்.

நீடாமங்கலம் மூணாறு தலைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. வெண்ணாறு அங்கே வந்து கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஒரு ஷட்டரைத் தூக்கினால் இன்னொன்றில் தண்ணீர் குறையும், அதற்குத்தான் முறை வைத்துத் திறக்கிறார்கள். மெட்ரோ கிளையிலும் பாதி இதே கதை. மறுபாதிதான் வேறு: ஆறு பிரிந்தால் பிரிந்ததுதான், அப்படியே கடலுக்குப் போய்விடும். கிளைக்குள் போன ரயில் திரும்பி வந்து, அதே முக்கில், அதே தண்டவாளத்தில், எதிர்க்கிளையிலிருந்து வரும் ரயிலுக்குப் பின்னால் சேர வேண்டும். தொல்லை முழுக்க அந்தச் சேர்க்கையில்தான். ஒரு கிளையில் யாரோ கதவில் பையை மாட்டிக்கொண்டு ரயில் 2 நிமிடம் தாமதமானால், சேருமிடத்தில் அதன் முறை தவறிப்போகும். சரியான நேரத்துக்கு வந்த மற்றதைச் சிக்னலில் நிறுத்த வேண்டும், அதற்குப் பின்னால் வருவதும் நிற்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வெயிலில் காத்துக் கிடந்தவர்களுக்கு, ஒரு முக்கு அடைத்தால் எத்தனை தூரம் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளையைக் கைமாற்றுவது இதற்குத்தான். லண்டனில் ஸ்டான்மோர் என்று ஒரு கிளை இருக்கிறது. 1932-இல் திறந்தபோது அது மெட்ரோபாலிட்டன் லைனுடையது. நகரத்துக்குள் நுழைகிற கடைசிப் பகுதியில், பின்ச்லி ரோடு முதல் பேக்கர் ஸ்ட்ரீட் வரை, அந்த லைனுக்குப் போக ஒன்று வர ஒன்று என்று இரண்டே தண்டவாளம்தான், எல்லா ரயிலும் அங்கே நெருக்கியடித்தன. அதனால் 1939-இல் அந்த இடத்தில் ஆழத்தில் புதுச் சுரங்கம் போட்டு, ஸ்டான்மோர் கிளையை பேக்கர்லூ லைனுக்குக் கொடுத்தார்கள். மெட்ரோபாலிட்டனுக்கு மூச்சு வந்தது. பேக்கர்லூவுக்கு ஏற்கெனவே ஒரு கிளை இருந்ததால் இப்போது இரண்டு கிளை, அவை பேக்கர் ஸ்ட்ரீட்டில் வந்து சேர, நெருக்கடி அங்கே குடிபெயர்ந்தது. நாற்பது வருஷம் அப்படியே ஓட்டினார்கள். 1979-இல் ஜூபிலி லைன் என்று புதிதாக ஒன்றைத் திறந்து, ஸ்டான்மோர் கிளையை அதற்குக் கொடுத்த பிறகுதான் பேக்கர்லூ விடுபட்டது. ஒரே கிளை, மூன்று லைன். அந்த ஊர்க்காரர் வீடு மாறவே இல்லை, அவர் ஏறுகிற ரயிலின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேக்கர் ஸ்ட்ரீட்டில் ஜூபிலியும் பேக்கர்லூவும் ஒரே பிளாட்பாரத்தின் இரு பக்கம் நிற்கும். இதில் இறங்கி நாலு எட்டு வைத்தால் அதில் ஏறிவிடலாம், படி கிடையாது. பழைய நேரடி ரயிலை இழந்தவருக்கு அந்த நாலு எட்டோடு நஷ்டம் முடிந்துபோகிறது.

கேள்வி: சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சாங்கி விமான நிலையத்திலிருந்து தானா மேராவில் இறங்கி மாறுவோம். அந்தத் துண்டு லைனை வேறு நிறத்துக்குக் கொடுக்கப் போவதாக மகள் சொல்கிறாள். ஏன்? (பாபநாசம்)

மகள் சொல்வது சரிதான் அம்மா. 2002-இல் சாங்கி விமான நிலைய ஸ்டேஷன் திறந்தபோது ரயில் நகரத்துக்கு நேராகவே போனது. அடுத்த வருஷமே அதை நிறுத்திவிட்டு, தானா மேராவோடு திரும்பிவிடும் குட்டி ரயிலாக்கினார்கள். தானா மேராவிலிருந்து இன்னொரு பக்கம் பிரியும் பாதை பாசிர் ரிஸ்ஸில் முடிகிறது. அந்தப் பக்கம் தினமும் வேலைக்குப் போகிற கூட்டம் பெரிது, விமானம் ஏறுகிற கூட்டம் அதைவிடக் குறைவு. ரயிலைப் பங்கு போட்டால் பாசிர் ரிஸ்காரர் காத்திருக்க வேண்டும்.

இப்போது பச்சை நிறக் கிழக்கு–மேற்கு லைனிடமிருந்து அந்தத் துண்டை வாங்கி, பழுப்பு நிற தாம்சன்–கிழக்குக் கரை லைனுக்குக் கொடுப்பதாக 2019-இல் அறிவித்தார்கள். அந்த லைனை 5-ஆம் முனையம் வழியாக சாங்கிக்கு நீட்டி, அங்கிருந்து பழைய துண்டிலேயே தானா மேரா வரை ஓட்டுவது திட்டம். அப்போது விமான நிலையத்தில் ஏறியவர் மாறாமலே நகரத்துக்குள் போய்விடலாம்.

நான் மேலே தண்டவாளம் அப்படியே இருக்கும் என்றேன், ஆனால் அது மட்டும் போதாது. பச்சை லைன் ரயிலுக்கு 6 பெட்டி, பெட்டிக்கு ஒரு பக்கம் 4 கதவு. தாம்சன் லைன் ரயிலுக்கு 4 பெட்டி, பெட்டிக்கு 5 கதவு, ஓட்டுநரும் கிடையாது. பிளாட்பார விளிம்பில் கண்ணாடிக் கதவு பார்த்திருப்பீர்களே, அது ரயில் கதவுக்கு நேராக அமைந்தால்தான் ஆள் இறங்க முடியும். ஆகவே கண்ணாடிக் கதவையும் மாற்ற வேண்டும், சிக்னலையும் மாற்ற வேண்டும், அதற்குள் பயணிகளும் போய்வர வேண்டும்.

அந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து சுவா சூ காங் போகும் பகுதி 1990-இல் தனிக் கிளையாகத்தான் திறந்தது. 1996-இல் உட்லண்ட்ஸ் வழியாகப் பாதையை இணைத்ததும் அது வடக்கு–தெற்கு லைனுக்குள் போய்விட்டது. இன்றைக்கு அதில் போகிற இளைஞர்களிடம் இது முன்னே கிளையாக இருந்தது என்றால் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: உங்கள் சொந்தக் கருத்து என்ன? நேரடி ரயிலா, மாறிப் போவதா? (மன்னார்குடி, கல்லூரி மாணவர்)

இயக்குகிறவனாக இருந்தபோது யோசிக்காமல் சொல்லியிருப்பேன் தம்பி, லைன்களைப் பிரித்துவிடுங்கள், தனித்தனியாக ஓட்டினால் அதிக ரயில் ஓட்டலாம் என்று. கணக்கு இன்றைக்கும் அதுதான். ஆனால் சில வருஷம் முன்பு வெளிமாநில நகரம் ஒன்றில் 74 வயது அக்காவைக் கூட்டிக்கொண்டு லைன் மாறினேன். ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, இன்னொரு கையில் கும்பகோணம் வெற்றிலைக் கட்டு, இரண்டு முழங்காலிலும் வலி. எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயந்து நின்றுவிட்டார். லிஃப்டைத் தேடி நீளமான நடைபாதையின் கோடி வரை போனோம், அங்கே சக்கரப்பெட்டியோடு வரிசை. மேலே போய்ச் சேர்வதற்குள் மூன்று ரயில் போன சத்தம் கேட்டது. கால அட்டவணையில் அந்த மாறுதலுக்கு எத்தனை நிமிடம் போட்டிருந்தார்களோ, அக்காவுக்கு ஆனது 19 நிமிடம். கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

அன்றிலிருந்து என் பதில் இது: பிரியுங்கள், ஆனால் மாறுமிடத்தை முதலில் கட்டி முடித்துவிட்டுப் பிரியுங்கள். லண்டன் நார்தர்ன் லைனில் இதே பிரச்சினைதான். வடக்கே இரண்டு கிளை கேம்டன் டவுனில் சேர்ந்து, நகரத்துக்குள் மறுபடி இரண்டு வழியாகப் பிரிகின்றன. அதை இரண்டு தனி லைனாக்கிவிட்டால் இன்னும் நிறைய ரயில் ஓட்டலாம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பிரித்தால் கேம்டன் டவுனில் மாறுகிற கூட்டத்தை அந்தப் பழைய குறுகலான ஸ்டேஷன் தாங்காது, அதை இடித்து விரிவாக்கப் பணம் வரவில்லை, அதனால் பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இப்போது நம்ம ஊர் பஸ் எல்லாம் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது. மெட்ரோ அங்கே வந்தால் கோயம்பேட்டுக்கு நேர் ரயில் விடுவார்களா? (திருத்துறைப்பூண்டி)

கோயம்பேட்டில் இறங்கிய காலத்தில் நமக்குப் பச்சை லைன் வாசலிலேயே இருந்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தபிறகு நமக்கு வேண்டியது நீல லைன். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீட்டும் திட்டம் இருக்கிறது. அது நடந்தால் விமான நிலையம் கடைசி ஸ்டேஷனாக இருக்காது, நடு ஸ்டேஷன் ஆகிவிடும். பச்சை லைன் ரயிலையும் அதுவரை கொண்டுபோவதா, நீலம் மட்டும் போவதா என்று அப்போது முடிவு எடுக்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் நீலமே முழுதாகப் போகட்டும், அடிக்கடி போகட்டும். ஆலந்தூரில் இரண்டு லைனும் மேலும் கீழுமாக இருப்பதால் லிஃப்டும் எஸ்கலேட்டரும் தாராளமாக வேண்டும். விடியற்காலை நாலரைக்கு மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை நினைத்து முதல் ரயிலின் நேரத்தையும் வைக்க வேண்டும்.

கேள்வி: மாறிப் போவது நல்லது என்றால் எங்களுக்கும் அதுதானா? (வேதாரண்யம்)

இல்லை, உங்கள் கதையே வேறு. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி பாதை அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் மறுபடி ரயில் வந்தது, பெரிய சந்தோஷம். ஆனால் மெட்ரோவில் ஒன்றை விட்டால் 5 நிமிடத்தில் அடுத்தது வரும், உங்கள் கிளையில் விட்டால் அன்றைய பொழுதே போய்விடும். ரயில் குறைவாக ஓடும் கிளைக்கு நேரடிப் பெட்டிதான் நியாயம். அந்தக் காலத்தில் ஜங்ஷனில் ஒரு பெட்டியை மட்டும் கழற்றிக் கிளை ரயிலில் மாட்டிவிடுவோம், தூங்குகிறவர் தூங்கியபடியே ஊர் போய்ச் சேர்வார். அது முடியாவிட்டால், இணைப்பு ரயில் தாமதமாக வந்தாலும் கிளை ரயில் காத்திருந்து கிளம்ப வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். மனு எழுதும்போது இந்த ஒரு வரியைக் கேளுங்கள். புது ரயில் கேட்பதைவிட இது சீக்கிரம் கிடைக்கும்.