பதில் வராத வரைவு

கேள்வி: ஐஸ்லாந்தில் பொதுமக்களே அரசியலமைப்புச் சட்டத்தை எழுதினார்கள் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். உண்மையா? இப்போது அங்கே அந்தச் சட்டம்தான் நடக்கிறதா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் மகள் சொன்னது உண்மைதான் அம்மா. எழுதினார்கள். ஆனால் அந்தச் சட்டம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

2008 அக்டோபரில் அங்கே மூன்று பெரிய வங்கிகளும் அடுத்தடுத்து விழுந்தன. ஜனங்கள் நாடாளுமன்றத்தின் முன் கூடி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் பாத்திரங்களைத் தட்டினார்கள். 2009 ஜனவரியில் அரசு கவிழ்ந்தது. 1944-இல் டென்மார்க்கிடமிருந்து பிரிந்தபோது ஏற்ற பழைய சட்டத்தை மாற்றியாக வேண்டும் என்ற பேச்சு அப்போது வலுத்தது. 2010 நவம்பரில் குலுக்கலில் தேர்வான சுமார் 950 பேர் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து, நாட்டுக்கு என்ன வேண்டும் என்று பேசினார்கள். அப்புறம் சட்டத்தை எழுத 25 பேர் கொண்ட குழுவுக்குத் தேர்தல். நடைமுறைக் குறைகளைச் சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாடாளுமன்றம் விடவில்லை, ஏறக்குறைய அதே ஆட்களை நியமித்தது. அவர்கள் வரைவை அவ்வப்போது இணையத்தில் போட்டார்கள், ஜனங்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்தினார்கள். 2011 ஜூலையில் 114 பிரிவுகளை ஒருமனதாக முடித்துக் கொடுத்தார்கள்.

2012 அக்டோபர் 20-இல் பொது வாக்கெடுப்பு. இந்த வரைவை அடிப்படையாக வைத்துப் புதிய சட்டம் வேண்டும் என்று மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னார்கள். தனியார் சொத்தாக இல்லாத இயற்கை வளம் நாட்டுக்குச் சொந்தம் என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதரவு, 80 சதவீதத்துக்கும் மேல். நமக்கு நெல் எப்படியோ, அவர்களுக்குக் கடல் மீன் அப்படி. அந்த மீனைப் பிடிக்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் பெரிய பணம் இருக்கிறது.

அரசு என்ன செய்தது? வேண்டாம் என்று சொல்லவில்லை. வாக்கெடுப்பு வெறும் ஆலோசனைதான் என்றார்கள் எதிர்த்தவர்கள். வாக்களித்தது பாதிப் பேர்தானே என்றார்கள். வரைவு நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கே விடப்படாமல் 2013-இல் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்து ஆட்சிக்கு வந்தவை அதை எதிர்த்த கட்சிகள். எங்கள் தெருச் சாக்கடைக்காக நான் ஓர் அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்று முறையும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் வந்தது. முடியாது என்று எழுதியிருந்தால் மேல்முறையீடாவது செய்திருப்பேன்.

அதனால்தான் அயர்லாந்தை உயர்வாக நினைக்கிறேன். அங்கே 2012-இல் 66 குடிமக்களும் 33 அரசியல்வாதிகளும் ஒரு தலைவரும் சேர்ந்த மாநாட்டை அமைத்தபோதே, ஒவ்வொரு பரிந்துரைக்கும் நான்கு மாதத்துக்குள் அரசு பதில் தரும் என்று உறுதி கொடுத்தார்கள். கெடு சில சமயம் தவறியது. வாக்களிக்கும் வயதை 16 ஆக்கும் யோசனை கைவிடப்பட்டது. ஆனால் ஒருபாலினத் திருமணம் பற்றிய பரிந்துரை 2015 மே மாதம் வாக்கெடுப்புக்குப் போனது. 62 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், அரசியலமைப்பே மாறியது. எந்த நாட்டில் இப்படிக் குழு அமைத்தாலும் நான் முதலில் தேடுவது அந்தக் கெடுவைத்தான்.

ஐஸ்லாந்து ஜனங்கள் விட்டுவிடவில்லை. "புதிய அரசியலமைப்பு எங்கே?" என்று 2020-இல் ரெய்க்யவிக் நகரச் சுவர் ஒன்றில் பெரிதாக எழுதினார்கள். அதிகாரிகள் அதைக் கழுவி அழித்தார்கள். மக்கள் பக்கத்திலேயே மறுபடி எழுதினார்கள். அந்த அக்டோபரில் 43,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் அரசிடம் போய்ச் சேர்ந்தன. நாட்டின் மொத்த மக்கள்தொகையே நான்கு லட்சத்துக்கும் குறைவு. இதையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.