மூன்று வேளை என்றால் எந்த மூன்று வேளை?

ஆன்டிபயாடிக் மருந்துகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில:

கேள்வி: தொண்டை வலிக்கு அமாக்சிசிலின் காப்ஸ்யூல், தினம் மூன்று வேளை, 10 நாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே வலி போய்விட்டது. நிறுத்திவிடலாமா? காலை 8, மதியம் 1, இரவு 8 மணிக்குச் சாப்பிடுகிறேன். சரிதானா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். தொண்டைக்கு 10 நாள் எழுதினால், பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை மனதில் வைத்துத்தான் எழுதுவார்கள். வலி போன பிறகும் அது தொண்டையில் தங்கியிருக்கும். அதை ஒழிக்காமல் விட்டால் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதிக்கப்படலாம். 10 நாள் கணக்கு அதற்காகத்தான்.

இதை வைத்து, அதிக நாள் சாப்பிட்டால் அதிக நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. சிக்கலில்லாத நிமோனியா பலருக்கு 5 நாளிலேயே சரியாகிவிடும். பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் 5 நாள் போதும். தேவைக்கு மேல் நீட்டினால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாதான் சாகும். மருந்துக்கு அடங்காத வகை பெருக இடம் கிடைக்கும். ஆகவே எழுதிய நாளைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் எழுதியவரையே கேளுங்கள்.

நேரத்துக்கு வருவோம். 8, 1, 8 என்றால் பகலில் ஐந்து மணி, ஏழு மணி இடைவெளி. இரவில் பன்னிரண்டு மணி நேரம்! சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அமாக்சிசிலின் சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். மேலும், ஒரே வேளையில் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட, போதுமான அளவு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் இந்த வகை மருந்துக்கு முக்கியம். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அஸித்ரோமைசின் வேறு ரகம். உடலில் நாள் கணக்கில் தங்கும் என்பதால்தான் தினம் ஒரு வேளை போதுமாகிறது.

கேள்வி: ஒரு வேளை மறந்துவிட்டால்?

பதில்: நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு, அடுத்ததை உரிய நேரத்தில் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

கேள்வி: குழந்தைக்குப் பவுடராக வரும் சிரப் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றிக் கலக்கியதும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. மறுபடி ஊற்றலாமா?

பதில்: ஊற்றத்தான் வேண்டும். அதிகம் பேர் தவறுவதே இந்த இடத்தில்தான். முதலில் மூடியபடியே பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டிய பவுடரை உதிர்த்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் கோடு வரை ஊற்றி மீண்டும் குலுக்குங்கள். மட்டம் இறங்கினால் திரும்பக் கோடு வரை நிரப்புங்கள். சூடான தண்ணீர் மருந்தைக் கெடுக்கும். (தண்ணீரை அளவாகத் தனியே கொடுத்திருந்தாலோ, அளவு அச்சிட்டிருந்தாலோ அதன்படியே செய்யுங்கள்.)

கலந்த தேதியை லேபிளில் எழுதிவிடுங்கள். பிரிட்ஜில் வைக்க வேண்டுமா, எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். 7 நாள், 10 நாள், 14 நாள் என்று லேபிளில் இருக்கும். ஃப்ரீசரில் வேண்டாம். ஒவ்வொரு முறையும் குலுக்கிய பிறகே எடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாட்களில் நீர்த்த மருந்தும், கடைசி நாட்களில் அடியில் தங்கிய கெட்டி மருந்தும் குழந்தைக்குப் போகும்.

இன்னொன்று, 5 மி.லி. என்பதை மட்டும் நினைவில் வைப்பது ஆபத்து. ஒரே அமாக்சிசிலின் 5 மி.லி.க்கு 125 மி.கி., 250 மி.கி. என்று வருகிறது. சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கலாம், அதை 5 மி.லி. கொடுத்தால் 125க்குப் பதில் 500 போய்விடும். சமையலறை ஸ்பூன் வேண்டாம், அளவு சிரிஞ்சு வாங்குங்கள். கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் புரையேறாது.

கேள்வி: இரவு படுக்கும் முன் டாக்ஸிசைக்ளின் போட்டேன். காலையிலிருந்து விழுங்கும்போது நெஞ்சு எரிகிறது.

பதில்: மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து புண்ணாக்கியிருக்கலாம். அடுத்த வேளைக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த மருந்தை ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். படுக்கை நேரம் இதற்கு மோசமான நேரம். வெயிலில் தோல் எளிதில் கருகும், அதையும் கவனியுங்கள்.

எரிகிறதே என்று கூடவே ஆன்டாசிட் விழுங்கினால் மருந்து அதில் ஒட்டிக்கொண்டு உடலில் சேராமல் போய்விடும். இரும்பு, கால்சியம், துத்தநாகச் சத்து மாத்திரைகளும் அப்படித்தான். சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் இதே தொல்லை: இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ அதைப் போட வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிடும்போது குதிகால் தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நாரில்) வலி வந்தால் மருந்தை நிறுத்தி உடனே டாக்டரைப் பாருங்கள், அது அறுந்துபோகக்கூடும். 60 வயது தாண்டியவர்களும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 கிடைக்கவில்லை. 375 மாத்திரை இரண்டு போட்டேன். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

பதில்: கணக்கு அப்படி வராது. 625 என்பது 500 அமாக்சிசிலின், 125 கிளாவுலனிக் அமிலம். 375இல் அமாக்சிசிலின் 250தான், அமிலம் அதே 125. இரண்டு போட்டால் அமிலம் இரட்டிப்பாகிறது. வயிற்றைக் கலக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. சரியான மாத்திரையை வாங்கி, சாப்பிட ஆரம்பிக்கும்போதே போடுங்கள். தண்ணீராகப் பலமுறை போனாலோ, ரத்தமோ காய்ச்சலோ சேர்ந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியா காரணமாக இருக்கலாம். மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் இது வரும். நீங்களாகப் போக்கை நிறுத்தும் மாத்திரை போட வேண்டாம்.

கேள்வி: சிறு வயதில் பெனிசிலின் ஒத்துக்கொள்ளவில்லையாம். வாழ்நாள் முழுதும் கூடாதா?

பதில்: இப்படிச் சொல்பவர்களைப் பரிசோதித்தால் 10 பேரில் 9 பேருக்கு ஒவ்வாமை இருப்பதில்லை. ஆனால் அதை மருத்துவமனையில்தான் சோதிக்க வேண்டும், வீட்டில் அல்ல. அதுவரை ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லுங்கள். என்ன நடந்தது, மருந்து போட்டு எவ்வளவு நேரத்தில் என்றும் சொல்லுங்கள். வெறும் வாந்தி, பேதி ஒவ்வாமை ஆகாது. முகம், நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், உடலெங்கும் தடிப்பு என்றால் அது அவசரம்.

கேள்வி: சளி பச்சையாக வருகிறது. மிச்சமிருக்கும் மாத்திரையைப் போடலாமா?

பதில்: கூடாது. வைரஸ் சளியும் பச்சையாகும். நிறத்தை வைத்து பாக்டீரியா என்று முடிவு கட்ட முடியாது. மிச்ச மாத்திரையை மருந்துக் கடையில் திரும்பப் பெற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: மெட்ரோனிடஸோல் சாப்பிடும்போது மது?

பதில்: மருந்து முடிந்து 3 நாள் வரை தொடாதீர்கள். முகம் சிவந்து, படபடப்பும் வாந்தியும் வரலாம் என்று மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. சில இருமல் சிரப்பிலும் ஆல்கஹால் உண்டு, லேபிளைப் பாருங்கள்.