வயித்துக்கு அடியில வெள்ளை வட்டம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா, எங்க ஸ்டோர் ரூம்ல உள்ளங்கை அளவு எட்டுக்கால் பூச்சி ஒண்ணு வயித்துக்கு அடியில வெள்ளையா தட்டையா எதையோ புடிச்சிட்டே சுத்துது, அஞ்சு லிட்டர் டப்பால புடிச்சு வெச்சிருக்கோம். எட்டாவது படிக்கிற என் பொண்ணு குஞ்சு பொரிக்க வெச்சு வளக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. முடியுமா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: தாராளமா முடியும்மா. அது வலை கட்டாம ராத்திரில கரப்பான வேட்டையாடுற வேட்டைச் சிலந்தி, ஹெட்டரோபோடா வெனட்டோரியான்னு பேரு. அந்த வெள்ளை வட்டம்தான் முட்டைப்பை, உள்ள 200 முட்டை வரைக்கும்கூட இருக்கும். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பைய மட்டும் தனியா எடுத்துடாதீங்க. ஏறக்குறைய ஒரு மாசம் பெருசா எதுவும் சாப்பிடாம அத சுமந்துட்டே திரியும், நாம அடிக்கடி டப்பாவ ஆட்டிப் பாத்தா பயந்து பைய போட்டுடும், சமயத்துல தானே தின்னுடும். அதனால டப்பா வாய்ல மெல்லிய வலைத்துணி கட்டி, உள்ள ஒரு மரப்பட்டைய சாய்ச்சு வெச்சு, வெயில் படாத மூலைல விட்டுடுங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சுவர்ல நாலு சொட்டு தண்ணி தெளிச்சா போதும். நான் முதல் தடவை காஞ்சிடுமோன்னு பயந்து தினம் தெளிச்சு, பூஞ்சை புடிச்சு மொத்த பையும் போச்சு, அந்த வருத்தம் இன்னும் இருக்கு. இன்னொண்ணு, அந்த ரூம்ல கொசுவர்த்தியோ லிக்விட் மெஷினோ வேண்டவே வேண்டாம், கொசுவ கொல்ற மருந்து இதையும் கொல்லும்.

குஞ்சுங்க பைக்குள்ளயே ஒரு தடவை தோல் உரிச்சிட்டுதான் வெளிய வரும். வந்ததும் சில நாள் கும்பலா ஒட்டிட்டே இருக்கும், வயித்துல மிச்சம் இருக்கிற மஞ்சக்கருவே அப்போ சாப்பாடு, அதனால பசிக்குதேன்னு நீங்க பதற வேண்டாம். அது கலைய ஆரம்பிச்சதும் ஒண்ண ஒண்ணு திங்கும். 200ஐயும் நம்மால வளக்க முடியாது, ஆசைக்கு ஒரு பத்து பதினஞ்சு வெச்சுக்கிட்டு மிச்சத்த மாட்டுக் கொட்டாய், விறகு அடுக்கின இடம், தோட்டம்னு பிரிச்சு விட்டுடுங்க, அம்மாவையும் புடிச்ச இடத்துலயே விட்டுடுங்க.

வெச்சுக்கிற ஒவ்வொண்ணுக்கும் தனி மாத்திரை டப்பா. மூடில ஓட்டை போட்டா அது குஞ்சோட தலைய விட சின்னதா இருக்கணும், இல்லன்னா காலைல டப்பா காலியா இருக்கும், வாய்ல பஞ்சு அடைச்சா இன்னும் நிம்மதி. சாப்பாட்டுக்கு அழுகின வாழைப்பழத்த ஒரு பாட்டில்ல போட்டு திறந்து வைங்க, குட்டி பழ ஈ வந்து முட்ட வெச்சதும் துணி கட்டுங்க, பத்து நாள் சுமாருக்கு அடுத்த தலைமுறை பறக்கும். பாட்டில ஃப்ரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வெச்சா ஈயெல்லாம் மந்தமாகிடும், அப்போ ரெண்டு ரெண்டா தட்டி போடலாம். கொசு புடிச்சு போட்டாலும் திங்கும். எறும்பு போடாதீங்க, ஸ்ப்ரே அடிச்சு செத்த கரப்பான் பக்கமே போகாதீங்க.

திடீர்னு சாப்பிடாம சும்மா இருந்தா தோல் உரிக்கப் போகுதுன்னு அர்த்தம். உள்ள இருக்கிற ஈய வெளிய எடுத்துட்டு தொடாம விடுங்க, உரிச்சப்புறமும் ரெண்டு நாள் உடம்பு மெத்துன்னு இருக்கும், அதுவரைக்கும் சாப்பாடு வேண்டாம். கால் ஒண்ணு போயிருந்தா பொண்ணு அழ வேண்டாம்னு சொல்லுங்க, அடுத்தடுத்த உரிப்புல மறுபடி வளந்துடும்.

கேள்வி: வயல்ல ஒரு சிலந்தி பின்னாடி உருண்டைய ஒட்டிக்கிட்டு ஓடுச்சு, பையன் உருண்டைய மட்டும் புடுங்கிட்டு வந்துட்டான். பொரியுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அது ஓநாய்ச் சிலந்திங்க, நெல்லுல வர்ற புகையான் பூச்சிய திங்கிற நம்ம விவசாயிக்கு வேண்டப்பட்ட ஜீவன். உருண்டைய அம்மாதான் பல்லால பிரிச்சு விடணும், அது இல்லன்னா குஞ்சுங்க உள்ளயே செத்துடும். வெளிய வந்ததும் முதுகுல ஏறி சவாரி பண்றதும் அம்மா மேலதான். அதனால உடனே எடுத்த இடத்துலயே கொண்டு போய் வைங்க, அது தேடிட்டுதான் இருக்கும், கண்டா திரும்ப ஒட்டிக்கும். ஃபிரான்ஸ்ல ஃபாப்ர்னு ஒரு பூச்சி ஆய்வாளர் கார்க் உருண்டைய குடுத்து பாத்தப்ப அதையே முட்டைன்னு கட்டிப் புடிச்சுதாம், அவ்வளவு தவிப்பு அதுக்கு. அம்மா கிடைக்கவே இல்லன்னா, உருண்டை தளர்ந்து உள்ள கால் அசையறது தெரிஞ்சப்புறம், சின்ன கத்திரியால நடு மடிப்புல லேசா கீறி விடுங்க, முன்னாடியே கீறினா எல்லாம் வீணாயிடும்.

கேள்வி: எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டா கொப்புளம் வருமாமே, மாமியார் வளக்க விட மாட்டேங்கறாங்க. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இல்லம்மா, அந்த பழி இது மேல வீணா விழுது. ராத்திரி லைட்டுக்கு வர்ற கறுப்பும் செவப்புமா ஒரு குட்டி வண்டு இருக்கு, தோல் மேல நசுங்கினா அதோட திரவம் கொப்புளிக்கும், உடனே சோப்பு போட்டு கழுவணும். உடம்புல ஒரு பக்கமா மட்டும் பட்டையா கொப்புளம் வந்து எரிஞ்சா அது அக்கி, வைரஸ்ல வர்றது, மூணு நாளுக்குள்ள டாக்டர்கிட்ட காட்டினா மாத்திரை நல்லா கேக்கும்.