31 வயதில் அமெரிக்காவில் ஃபெடரல் ஏஜென்ட் (மத்திய அரசின் புலனாய்வு அதிகாரி) ஆக நினைப்பது தாமதமா? பயிற்சியாளர், தலைமைப் பொறுப்பு வரை போக முடியுமா?

கேட்டவர் 31 வயதுக்காரர், போன வருடம்தான் கிரீன் கார்டு வாங்கியவர். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

நான் ஏஜென்ட் இல்லை. ஏஜென்டாகப் போகிறவர்களிடம் கைதாகிறவன். ஜார்ஜியா மாநிலத்தில் பிரன்ஸ்விக் ஊரை ஒட்டி, கிளின்கோ என்ற இடத்தில் ‘ஃப்ளெட்ஸி’ என்று எல்லோரும் சொல்லும் ஃபெடரல் காவல் பயிற்சி மையம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் பிளிம்ப் ஆகாயக் கப்பல்கள் நின்ற தளம் அது. 1975இல் பயிற்சி மையமானது. சாட்சியாகவும் சந்தேக நபராகவும் நடிக்க உள்ளூர்க்காரர்களை ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். ரிட்டயர் ஆனபின் எனக்குக் கிடைத்த பிழைப்பு இது.

உங்களுக்குச் சிக்கல் வயதுதான். பெரும்பாலான துறைகளில் 37ஆவது பிறந்தநாளுக்கு முன் பணியில் சேர்ந்துவிட வேண்டும். (குடிவரவு அமலாக்கத் துறை 2025 ஆகஸ்டில் வயது வரம்பைத் தளர்த்தியது. முன்னாள் ராணுவத்தினருக்கும் சலுகை உண்டு.) குடியுரிமை கட்டாயம்; கிரீன் கார்டு வாங்கி பொதுவாக ஐந்து வருடம் கழித்துத்தான் அது கிடைக்கும். உங்களுக்கு அப்போது 35. பின்னணி விசாரணை, பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் சோதனை, மருத்துவப் பரிசோதனை என்று ஆளெடுப்பே பல மாதம் இழுக்கும். முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் ரொம்ப இறுக்கமான கணக்கு.

இந்த 37 எங்கிருந்து வந்தது? 57 வயதில் கட்டாய ஓய்வு, முழு ஓய்வூதியத்துக்கு 20 வருடச் சேவை. கழித்துப் பாருங்கள். தாமதமாகச் சேர்கிறவர் அந்த 20 வருடத்துக்குள்தான் எல்லாப் படியும் ஏற வேண்டும். ஜிஎஸ் என்பது ஃபெடரல் அரசின் சம்பளப் படிநிலை: அனுபவமுள்ள ஏஜென்ட் ஜிஎஸ்-13, முதல்நிலை மேற்பார்வையாளர் ஜிஎஸ்-14. அதற்கு மேலே போக நினைப்பவர்கள் பெரும்பாலும் வாஷிங்டன் தலைமையகத்தில் சில வருடம் ஃபைல் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். வீடு மாற்றி மாற்றிக் குடும்பம் களைத்துவிடும் என்று அங்கே சொல்லாத ஆள் இல்லை.

பயிற்சி என்றதும் எல்லோரும் துப்பாக்கியை நினைக்கிறார்கள். எஃப்பிஐ தன் ஆட்களை வர்ஜீனியாவில் குவாண்டிகோவில் தனியாகப் பழக்குகிறது. மற்ற பல துறைகளின் புலனாய்வாளர்கள் கிளின்கோவில் ஒன்றாக உட்கார்ந்து சுமார் 12 வாரம் படிக்கிறார்கள். சட்டம், கேள்வி கேட்கும் முறை, அறிக்கை எழுதுவது, இவற்றில்தான் பலருக்கு முழி பிதுங்குகிறது.

ஒரு முறை ஒரு பையன் எனக்கு விலங்கு மாட்டினான், ஆனால் விலங்கு மேலும் இறுகாமல் தடுக்கும் டபுள் லாக்கைப் போடவில்லை. அதைப் போடாவிட்டால் கை அசைய அசைய விலங்கு இறுகிக்கொண்டே போகும். பயிற்சியாளர் பார்த்தார், திட்டவில்லை. “இதை ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவாய்?” என்று மட்டும் கேட்டார். பையன் முகம் வெளுத்தது. உடனே வந்து லாக் போட்டான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் நீதிமன்றம் இருக்கிறது. பலப்பிரயோகம் நியாயமானதா என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1989 கிரஹாம் வழக்குத் தீர்ப்பை வைத்துத்தான் இன்றும் அளக்கிறார்கள். அதே நீதிமன்றத்தின் 1972 ஜிக்லியோ தீர்ப்பு இன்னும் கடுமை: ஏஜென்ட் பொய் சொன்னதாகப் பதிவு இருந்தால் அரசுத் தரப்பு அதை எதிர்த்தரப்பிடம் சொல்லியாக வேண்டும். சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாத ஏஜென்டுக்கு யார் பதவி உயர்வு தருவார்கள்? சின்னச் சம்பளப் படிவத்தில் பொய் எழுதினால்கூடப் போதும், வேலை முடிந்தது.

பயிற்சியாளராக இரண்டு வழி. துறையே சில வருடத்துக்கு உங்களை அங்கே அனுப்பலாம். அல்லது ஓய்வுக்குப்பின் நிரந்தரப் பயிற்சியாளராகச் சேரலாம். இரண்டிலும் முதலில் கற்பிக்கும் பயிற்சியை முடிக்க வேண்டும். நன்றாகச் சுடுகிறவரெல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. அப்படி ஒன்றிரண்டு பேரிடம் நானும் மாட்டியிருக்கிறேன்.

நீங்கள் என்ன படித்தீர்கள் என்று எழுதவில்லை. அக்கவுன்டிங் என்றால் எஃப்பிஐயின் ஃபாரன்சிக் அக்கவுன்டன்ட் (குற்ற வழக்குகளில் பணக் கணக்கை ஆராய்கிறவர்) வேலையைப் பாருங்கள். அமெரிக்கச் சட்டப் படிப்பு என்றால் ஃப்ளெட்ஸியில் சட்டம் நடத்தும் வேலையைப் பாருங்கள்; அதை நடத்துகிறவர்கள் வழக்கறிஞர்கள்தான். இவற்றுக்கும் குடியுரிமை வேண்டும், ஆனால் 37 என்ற தடை கிடையாது.