டப்ளின் செஷனுக்குச் சந்தூர் கொண்டு வரலாமா?

விரைவில் வேலை மாறி டப்ளினுக்கு வரவிருப்பதாகவும், கோல்களால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் சந்தூர் ஓரளவு வாசிப்பீர்கள் என்றும், அதையோ அதன் மேலைநாட்டு உறவான ஹேமர்டு டல்சிமரையோ எடுத்துக்கொண்டு இங்குள்ள பப்களில் வாசிப்பவர்கள் வட்டமாகக் கூடி உட்கார்ந்து நடத்தும் அயர்லாந்துப் பாரம்பரிய இசைச் செஷன்களில் போய் உட்கார முடியுமா என்றும், கூடவே வாடகை, குழந்தைக்குப் பள்ளி, குளிருக்கான உடை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. வாடகை மிக அதிகம். பள்ளிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். கோட்டை இங்கு வந்து வாங்குங்கள். இவற்றைப் பற்றிப் பேச நம்மவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாக வேறெதையும் பேசாதவர்களும் அவர்களில் உண்டு. நான் செஷனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சந்தூரை வீட்டில் வாசியுங்கள், செஷனுக்கு வேண்டாம். அது ஒரு ராகத்துக்கென்று சுருதி சேர்க்கப்படும் வாத்தியம். இங்கோ மூன்று மெட்டுகளைக் கோத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை வாசித்து, மூச்சு விடக்கூட நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். முதல் மெட்டு டி என்ற சுருதியில் இருந்தால் அடுத்தது ஜி-யிலோ ஏ-யிலோ இருக்கும். டல்சிமர் அப்படியல்ல. அதில் தந்திகளைத் தாங்கும் கட்டைகளான குதிரைகளில் இடப்புறக் குதிரை, தன் மேல் செல்லும் ஒவ்வொரு தந்தியையும் இரண்டாகப் பிரிப்பதால், அதன் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடப் பஞ்சமம் உயர்ந்து ஒலிக்கும். இடக்குதிரையில் 12, வலக்குதிரையில் 11 என்று இரட்டைத் தந்திகள் கொண்ட சிறிய வகையிலேயே, 46 தந்திகளுக்குள், சி, ஜி, டி, ஏ ஆகிய நான்கிலும் சங்கராபரணம், அதாவது மேலைநாட்டு மேஜர் சுரவரிசை, சேதமில்லாமல் கிடைத்துவிடும். செஷனுக்கு அதுவே போதும்.

எச்சரிக்கைகளில் முதன்மையானது கார்வை பற்றியது. டல்சிமரில் அடித்த சுரம் உடனே அடங்குவதில்லை. ரீல் என்ற விரைவான நடன மெட்டின் வேகத்தில் நொடிக்கு ஏழெட்டு சுரங்கள் விழும்போது, முன்னவற்றின் கார்வை பின்னவற்றின் மேல் ஏறி, பக்கத்தில் ஃபிடில் (இங்கே வயலினுக்குப் பெயர்) வாசிப்பவர் செய்யும் நுணுக்கமான வேலைகளையெல்லாம் மூழ்கடித்துவிடும். தனியாக வாசிக்கையில் இனிமையாக இருக்கும் அதே கார்வை, எட்டுப் பேர் ஒரே மெட்டை ஒருமித்து வாசிக்கும் மேசையில் வெறும் இரைச்சலாகிவிடும். ஆகவே கீழ்த்தந்திகளில் துணைச்சுரம் சேர்க்கும் ஆசையை அடக்குங்கள். கோலில் தோல் ஒட்டிய பக்கத்தால் அடியுங்கள். வரி முடியும் இடத்தில் உள்ளங்கையால் தந்தியை அமுக்கப் பழகுங்கள். தெரியாத மெட்டு வந்தால் கோல்களை மடியில் வைத்துவிடுங்கள். ஃபிடில்காரர் மெல்ல வருடிச் சுரம் தேடினால் யாருக்கும் கேட்காது. நீங்கள் தேடினால் பார் மேசை வரை கேட்கும்.

சுருதியை வீட்டிலேயே சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் மழையில் வந்து, ஆட்கள் நிறைந்த வெம்மையான அறைக்குள் பெட்டியைத் திறந்தால் அது கலைந்துவிடும் என்பதால், அரைமணி நேரம் முன்பே போய் வாத்தியத்தைத் திறந்து வைத்து, பிறகு திருத்துங்கள். துருத்தி வைத்த சிறு கைவாத்தியமான கான்செர்ட்டினாவை வாசிப்பவர் உங்களுக்காகத் தன் சுருதியை மாற்ற முடியாது. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள பெட்டிக்கு அந்தச் சிறிய வட்டத்தில் இடம் கேட்பதே பெரிய காரியம். முதலில் செஷனை நடத்துபவரிடம் அனுமதி கேளுங்கள்.

நான் வந்தது 2004-இல் பப்களில் புகைபிடிக்கத் தடை வருவதற்குச் சற்று முன்பு. மனைவி செவிலியர், எனக்கு வேலை அனுமதி இல்லை. இரவுப் பணி முடிந்து அவர் உறங்கும் ஒற்றை அறையில் நான் வயலினைத் தொட முடியாது. ஒரு தேநீரோடு மாலை முழுவதும் உட்கார விட்ட பப் ஒன்றில்தான், அயர்லாந்தின் வடக்கிலிருந்து வந்த ஒரு பெரியவர் டல்சிமர் வாசிப்பதைக் கேட்டேன். பல வாரங்கள் பேசாமல் கவனித்தவர், ஒருநாள் தன் பழைய வாத்தியத்தை என்னிடம் கொடுத்து, திருப்பித் தரும் நாளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனார். பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டது, இந்தப் பப் செஷனே அறையில்லாதவர்கள் வளர்த்தது என்பது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போன அயர்லாந்துக்காரர்கள், ஊரில் அடுப்படியில் கூடி வாசித்ததைத் தங்கும் விடுதிகளில் வாசிக்க இயலாமல், கென்டிஷ் டவுன், கேம்டன் டவுன் பகுதிகளின் பப்களுக்குக் கொண்டுபோனார்கள்.

எல்லா இடமும் அப்படி அன்பாக இருக்காது. "அந்தப் பெட்டியை வெளியே வை" என்று சொன்ன செஷனும் உண்டு. அங்கே பிறகு நான் போகவில்லை. இன்றைக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டு "இது இந்திய வாத்தியமா?" என்று கேட்பவர்கள் ஓய்ந்தபாடில்லை. ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளெனார்மில் பிறந்த ஜான் ரே இதை வாசித்து இசைத்தட்டு வெளியிட்டதையும், சீஃப்டன்ஸ் என்ற அயர்லாந்து இசைக் குழுவின் யாழிசைஞர் டெரிக் பெல் மேடைகளில் இதன் சிறிய வகையை வாசித்ததையும் அவர்கள் நாட்டுக்காரர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு என்பதை மறைப்பானேன்! நம்மவர்கள் சிலர் கஞ்சிராவோடு நேரே வட்டத்துக்குள் நுழைந்து தனி ஆவர்த்தனம் தொடங்கிவிட்டு, பிறகு வெள்ளைக்காரர்கள் சேர்த்துக்கொள்வதில்லை என்று தீபாவளி விருந்தில் குறைப்படுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மெட்டுகளைக் காதால் கற்றுக்கொள்ளுங்கள். கார்க் மாவட்டத்திலிருந்து புலம்பெயர்ந்து சிகாகோவின் காவல்துறைத் தலைவரான ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1903-இல் வெளியிட்ட 1,850 மெட்டுகளின் தொகுப்பை வீட்டில் புரட்டலாம். செஷன் மேசையில் எந்தப் புத்தகத்தையும் விரிக்காதீர்கள். ஜி-யில் அமைந்த 'தி கெஷ்' என்ற ஜிக்கில் (அதுவும் ஒரு நடன மெட்டு வகை) தொடங்கி, அடுத்து 'கூலீஸ்' என்ற ரீலை எடுங்கள். ஈ-யை ஷட்ஜமாக வைத்தால் அது ஏறத்தாழக் கரகரப்பிரியாவின் சுரங்களில் நடப்பதால், கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்குச் சீக்கிரம் பிடிபடும். வந்து சேர்ந்ததும் தகவல் சொல்லுங்கள், மெதுவான வேகத்தில் வாசிக்கும் செஷன் ஒன்றுக்கு அழைத்துப்போகிறேன். முதல் சில வாரங்களுக்கு வாத்தியம் வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள்.